அலை என்று அழித்த புள்ளி

முந்தின நாள் மாலை தன் கையால் அழித்த புள்ளி, மறுநாள் காலை அவள் வந்து கணினியைத் திறந்தபோது திரும்பி வந்திருந்தது.

அதே அளவு, அதே மஞ்சள். இடம்தான் வேறு. நேற்று கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இன்று துறைமுகத்தின் கற்சுவரைத் தாண்டி உள்ளே வந்து, ரோந்துப் படகுகள் கட்டிக்கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அழைக்காமல் வந்த விருந்தாளி போல உட்கார்ந்திருந்தது. அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். முதல் மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரியும். பத்து நாளாக விடாத தூறலுக்குப் பின்னால் நாலு ரோந்துப் படகுகள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் வெறும் தண்ணீர்தான்.

அவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கப்பல் எண்ணுற வேலை" என்பாள். உண்மையும் அதுதான். தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒரு செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகும். அதில் இருப்பது ரேடார், அதற்கு வெளிச்சமும் வேண்டாம், மேகமும் ஒரு பொருட்டில்லை. கடல் கறுப்பாக விழும், கப்பல் வெள்ளைப் புள்ளியாக விழும். ஒழுங்கான கப்பல்கள் தங்கள் பெயரை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். பெயரும் புள்ளியும் பொருந்தினால் கணினியே பச்சையாக்கிவிடும். பெயர் சொல்லாத புள்ளி மஞ்சளாகும். அந்த மஞ்சளுக்குத்தான் அவளுக்குச் சம்பளம். அது படகா, வெறும் அலையின் மினுக்கா என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘படகு’ என்று அழுத்தினால் ரோந்து கிளம்பும். ‘அலை’ என்று அழுத்தினால் ஆறு இலக்க ரகசிய எண்ணைக் கேட்கும். அதுதான் அவள் கையெழுத்து. போட்டுவிட்டால் புள்ளி படத்திலிருந்து போய்விடும், யாரும் தேட மாட்டார்கள்.

இந்தப் படங்களில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓடுகிற பொருளை ரேடார் அதன் இடத்தில் காட்டாது, கொஞ்சம் தள்ளிக் காட்டும். ஓடும் கப்பல் தன் நீர்த்தடத்தை விட்டு விலகித் தெரியும், ஓடும் கார் சாலையை விட்டு இறங்கிப் போவது போலத் தெரியும். அசையாமல் நிற்பது மட்டும் நிற்கிற இடத்திலேயே கூர்மையாக விழும். அவளுடைய மஞ்சள் புள்ளி கூர்மையாக இருந்தது. நீர்த்தடம் இல்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் வந்திருக்கிறது, ஆனால் படம் எடுக்கும்போதெல்லாம் நின்றிருக்கிறது.

மேல்மாடியில் அவள் கணவன். அந்தக் கடலோரக் கண்காணிப்பு நிலையத்தின் அதிகாரி. எல்லோரும் அவனைக் ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அரை மணி நேரப் படகுச் சவாரியில் மூன்று முறை வாந்தி எடுத்தவனுக்கு அந்தப் பட்டம் எப்படி ஒட்டிக்கொண்டது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த நகைச்சுவை. அவனுடைய மடிக்கணினியிலிருந்து, எங்கே இருந்தாலும், அவள் திரையை இயக்க முடியும். வேலை நடுவே திடீரென்று அவள் கை படாமலே அம்புக்குறி நகர்ந்து, ஏதாவது ஒரு கப்பலைச் சுற்றி ஒரு வட்டம் போடும். டீ குடிக்க வா என்று அர்த்தம். எட்டு வருஷத்துக்குப் பிறகும் அந்த வட்டத்தைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். நேற்றும் வந்தது. புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு உள் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அது அலைதாம்மா. அழிச்சிட்டு வா, டீ ஆறுது."

அலை மாதிரி இல்லையே என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அழித்தாள்.

கதவு பீப் என்று திறந்தது. காவலாளி ஈரத் துடைப்பானோடு நின்றிருந்தார்.

"மேடம், வர்ற வழியில தண்ணி ஏதும் கொட்டிட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"படிக்கட்டு பூரா ஈரக் கால் தடம். துடைச்சிட்டுத் திரும்பினா மறுபடி இருக்கு. செருப்பில்லாத கால் மேடம். நம்ம ஆளுங்க யாரு வெறுங்காலோட வருவாங்க?" என்றார். துடைப்பானை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "டீசல் நாத்தம் வேற."

அவர் போனபின்தான் அவளுக்கும் அந்த வாடை உறைத்தது. ஏசியின் பழைய கம்பள வாடைக்கு அடியில், உப்பும் டீசலும் கலந்து, ரொம்ப நாள் மூடி வைத்த மரத்தைத் திறந்தது போன்ற ஒரு வாடை, மெல்ல மெல்ல அறையின் மூலைகளில் தங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் டீசல் வாடை அடிப்பது அதிசயமா என்று தன்னையே அதட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

வேலை ஓடவில்லை. மதியத்துக்கு மேல் அவள் செய்யாத ஒன்றைச் செய்தாள். இதே வடிவம் கொண்ட, அழிக்கப்பட்ட புள்ளிகள் வேறு ஏதாவது உண்டா என்று கணினியைக் கேட்டாள். அழித்ததை அது மறப்பதில்லை, யார் எப்போது அழித்தார்கள் என்பதோடு எங்கோ அடியில் போட்டு வைத்திருக்கும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு பட்டியலைக் கொடுத்தது.

நேற்று அழித்தது ஒன்று. மூன்று மாதத்துக்கு முன்பு ஆறு. மூன்று நாள், காலை மாலை என்று ஆறு படங்கள். ஆறிலும் ஒரே இடம், நடுக்கடல். ஆறிலும் புள்ளி கூர்மை. எஞ்சின் நின்றுபோன படகு என்று இந்த வேலைக்கு வந்து ஒரு வாரமான ஆள்கூடச் சொல்லிவிடுவான். ஆறும் ‘அலை’ என்று அழிக்கப்பட்டிருந்தன. ஆறிலும் இருந்தது அவளுடைய ரகசிய எண்.

தேதியை மறுபடி படித்தாள். அவளுக்கு அந்த மூன்று நாளும் மறக்காது. மகளுக்குக் காய்ச்சல் நூற்று நாலைத் தொட்டு, ஆஸ்பத்திரி நாற்காலியில் அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்த நாட்கள். "நீ பாப்பாவைப் பாத்துக்கோ, உன் சீட்டை நான் பாத்துக்கறேன்" என்று அவன் சொன்னபோது, இப்படி ஒருத்தன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்து அழுதிருக்கிறாள்.

பட்டியலின் கடைசியில் ஒரு சின்ன எழுத்து வரி. கையெழுத்து திருத்தப்பட்டது, பத்து நாட்களுக்கு முன். அதை அழுத்தினாள். அவள் எண்ணுக்குக் கீழே, கோடு போட்டு அடிக்கப்பட்டு, முதலில் இருந்த எண் தெரிந்தது. அவனுடையது. திருத்தும் அதிகாரமும் அவனுக்கு மட்டும்தான் உண்டு. அவள் எண் மகளின் பிறந்த தேதி. வைத்த அன்றே அவனிடம் சொல்லிவிட்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன ரகசியம்?

கோபம் உடனே வரவில்லை. வேறு காரணம் இருக்கும், இருந்தாக வேண்டும் என்று மனது அவனுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டே இருந்தது. அந்த மூன்று நாளின் ரேடியோ பதிவுகளைத் தேடினாள். இரண்டாம் நாள் மாலையில் ஒன்று இருந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். முதலில் காற்று இரைந்தது, பிறகு ஒரு ஆண் குரல். கத்தவில்லை. கத்தி ஓய்ந்த குரல்.

"எஞ்சின் நின்னு போச்சுங்க. தண்ணி உள்ள வருது. நாங்க இங்கதான் இருக்கோம், எங்கேயும் போகல. மேலேருந்து பாத்தா தெரியுதுல்ல? இருபத்து மூணு பேர் இருக்கோம்."

பதில் சொன்ன குரலைக் கேட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காய்ச்சலில் கிடந்த மகளுக்குத் தொலைபேசியில் கதை சொன்ன அதே இதமான குரல்.

"தெரியுது, தெரியுது. அங்கேயே இருங்க. வந்துட்டே இருக்கோம்."

அதன்பின் எந்தப் படகும் கிளம்பவில்லை. மூன்றாம் நாள் மாலைப் படத்தில் புள்ளி பாதியாகியிருந்தது. அதற்கடுத்த காலையில் கடல் துடைத்துவிட்டது போலக் கறுப்பாக இருந்தது.

மணி ஐந்தரை இருக்கும். அவள் உள் தொலைபேசியை எடுத்து, "கீழ வாங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் இரண்டு டீயோடு வந்தான். கோப்பைகளை மேசைமேல், அவளுடைய கதவு அட்டைக்குப் பக்கத்தில் வைத்தான். திரையில் என்ன இருக்கிறது என்று அவன் பார்க்கவே இல்லை. கதவுக்கு அடியில் கோடு போல உள்ளே வந்திருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த மூணு நாளும் நீங்கதான இங்க இருந்தீங்க?"

"காத்தடிச்சா எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடும்னு நெனச்சேன்" என்றான். மறுப்பான் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு அதுவே அடி விழுந்தது போல இருந்தது. "கூட்டிட்டு வந்தா யாரு, எந்த ஊரு, ஏன் வந்தாங்கன்னு ஆயிரம் கேள்வி. அந்தத் தலைவலி மேலிடத்துக்குப் பிடிக்காது. எனக்கும் அப்ப பதவி உயர்வு நேரம்."

"இருபத்து மூணு பேருங்க!"

"தெரியும்."

"அப்புறம் ஏன் என் பேரு? என்ன பண்ணினேன் நான் உங்களுக்கு?"

அவன் டீக்கோப்பையின் விளிம்பைத் தடவினான்.

"என் நம்பர் இருந்தவரைக்கும் அது வீட்டுப் பக்கம்தான் வந்துச்சு. தினம் கொஞ்சம் கொஞ்சமா. கடைசியா வாசல் வரைக்கும். பாப்பா ரூம் ஜன்னலுக்குக் கீழ ஈரக் கால் தடம். நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"பேரை மாத்தியும் போகலம்மா. வீட்டையே சுத்திச் சுத்தித்தான் வந்துச்சு. நீயே உன் கையால அழிச்சாதான் விடும்னு தோணுச்சு. சொல்லியிருந்தா நேத்து நீயா அழிச்சிருப்பியா?"

அவளுக்குப் புரிந்தது. டீ ஆறுகிறது என்று கூப்பிட்டது புரிந்தது. வட்டம் போட்டது புரிந்தது. அடிக்கக் கையை ஓங்கினாள். கை பாதியிலேயே இறங்கி முகத்தை மூடிக்கொண்டது. எட்டு வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன்.

அவன் அவள் தோளைத் தொட்டான். "அழாத. தப்புதான். மேல போய் எல்லாத்தையும் திரும்ப என் பேருக்கே மாத்திடறேன். பத்து நிமிஷம். இங்கேயே இரு, வந்துட்டே இருக்கேன்."

நம்பினாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இத்தனைக்கும் பிறகு நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையைக்கூட ஆட்டினாள். கதவு அவன் பின்னால் பீப் என்று மூடிய பிறகுதான் அவன் கடைசியாகச் சொன்னதை முன்பே எங்கே கேட்டோம் என்று நினைவு வந்தது.

மேசையில் இரண்டு கோப்பை இருந்தது. கதவு அட்டை இல்லை.

உள்ளேயிருந்து திறக்கவும் அந்த அட்டைதான் வேண்டும். ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை. ஜன்னல்கள் திறக்காத கண்ணாடி. அந்த அறைக்குள் கைபேசி கொண்டுவரக் கூடாது, அவளுடையது வெளியே பெட்டியில் கிடந்தது. உள் தொலைபேசியில் மேல்மாடியைக் கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டிக் காவலாளியைக் கூப்பிட்டாள். வராந்தாவில் ஈரத்தை மிதிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. "அண்ணே?" என்றாள். கதவை விட்டு ஜன்னலுக்கு ஓடினாள். ஜன்னலுக்குக் கீழே காவலாளி குடை பிடித்துக்கொண்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில், வாயில்கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியில் அடித்தது மழையில் அவருக்குக் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால், அவளும் கணவனும் காலையில் வந்த கார் கிளம்பியது.

அப்படியானால் வராந்தாவில் யார்?

ஆறு மணி. எங்கோ மேகங்களுக்கு மேலே செயற்கைக்கோள் நெருங்கிக்கொண்டிருக்கும். அவள் கதவைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. படம் வந்து சேர இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷமும் கதவுக்கு அடியில் இருந்த ஈரக்கோடு அகலமாகிக்கொண்டே வந்தது. ஏசி நின்றது. அதுவரை அதன் இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த சத்தம் தனியாகக் கேட்டது. துணியிலிருந்து தரையில் சொட்டும் தண்ணீர். ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில்.

படம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக விரிந்தது. ஆழ்கடல். கறுப்பு. கரையோரக் கடல். கறுப்பு. துறைமுகம். ரோந்துப் படகுகள் நாலும் பச்சை. மஞ்சள் எங்குமே இல்லை.

போய்விட்டது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாற்றிவிட்டான், அவன் பெயருக்கே மாற்றிவிட்டான். அந்த நிம்மதி முழுசாக இறங்குவதற்குள் இன்னொன்று நினைவு வந்தது. அவர்கள் எண்ணுவது கடலை மட்டும். கரையில் விழுவதெல்லாம் வேண்டாத சுமை என்று கணினி நிலப்பகுதியை ஒரு சாம்பல் திரை போட்டு மூடிவிடும்.

திரையை எடுக்கும் பொத்தான் மேல் மூலையில் இருந்தது.

எடுத்தாள்.

சாலை தெரிந்தது. சாலையை விட்டு விலகி, சேற்றில் இறங்கி ஓடுவது போல, ஒற்றைப் புள்ளி. ஓடும் கார். அவன்தான். வீட்டை நோக்கி.

கட்டடம் தெரிந்தது. அதைச் சுற்றிலும் மஞ்சள். சின்னச் சின்னதாக. ஒரு படகு அளவில் இல்லை, ஆள் அளவில். வாசலில் நாலு. படிக்கட்டில் ஐந்து. வராந்தாவில் வரிசையாக. விரலை வைத்து எண்ணினாள். இருபத்து மூன்று. எல்லாமே கூர்மை. எதுவும் ஓடவில்லை. வந்து சேர்ந்துவிட்டார்கள். நிற்கிறார்கள்.

படம் எடுத்து இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது.

இன்னொரு மஞ்சள். இருபத்து நாலாவது. அறைக்குள்ளே, ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, அவள் நாற்காலி இருக்கும் இடத்தில். அந்த நேரம் அந்த இடத்தில் இருந்தது அவள் ஒருத்திதான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டீசல் வாடை இப்போது கழுத்துக்குப் பின்னால் இருந்தது. பாதத்தில் தண்ணீர் பட்டது. குளிர்ந்த தண்ணீர்.

அம்புக்குறி நகர்ந்தது.

அவள் கை மடியில் இருந்தது. அம்பு திரையின் குறுக்கே மெதுவாக வந்தது. வீடு போய்ச் சேர்ந்திருப்பான். மடியில் கணினி, பக்கத்தில் மகள். அம்பு இருபத்து நாலாவது புள்ளியிடம் வந்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. எப்போதும் போல.

"என்னங்க..." என்றாள் திரையைப் பார்த்து. "நான் இங்கதான் இருக்கேன். எங்கேயும் போகல. மேலேருந்து பாத்தா தெரியுதுல்ல?"

அம்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

பிறகு ‘அலை’யை அழுத்தியது. ஆறு கட்டம் கேட்டது. ஒவ்வொரு கட்டமாக மகளின் பிறந்த தேதி விழுந்தது.

புள்ளி போய்விட்டது. அவள் உட்கார்ந்திருந்த இடம் நடுக்கடல் போலக் கறுப்பாக இருந்தது. நாற்காலியின் முதுகை ஒரு ஈரக் கை பிடித்தது. இன்னொன்று. இன்னொன்று. ஊறி வெளுத்த விரல்கள் அவள் தோளின் இரு பக்கமும் வரிசையாக வந்து நின்றன. அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. தண்ணீர் சொட்டும் இருபத்து மூன்று தலைகளும் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, அவளோடு சேர்ந்து, அந்தக் கறுப்பு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.